விருந்து முடிந்ததும் ஒரு வார்த்தைகூட வருவதில்லை

கேள்வி: மாதம் ஒருமுறையாவது நண்பர்களை வீட்டுக்கு அழைத்துச் சமைத்துப் போடுகிறேன். சிலர் இரவு தங்கியும் போவார்கள். சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதோடு சரி, மறுநாள் ஒரு 'தேங்க்ஸ்' மெசேஜ்கூட வராது. பாத்திரம் கழுவும்போது அழுகையாக வருகிறது. இதை அவர்களிடம் சொல்லலாமா, இல்லை அழைப்பதையே நிறுத்திவிடலாமா?

பதில்: ஒரு வார்த்தையை எதிர்பார்ப்பது சின்னத்தனம் இல்லை. இரண்டு நாள் உழைத்தவருக்கு அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வார்த்தை வராததாலேயே நன்றி இல்லை என்று ஆகிவிடாது. எட்டு மொழிகளில் மக்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து மொழியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கேட்ட உதவி கிடைத்த பிறகு வாய்விட்டு நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒருமுறைதான். நெருங்கியவர்கள் செய்வதைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்வது மனிதர்களின் பொது வழக்கம்போல. அந்த ஆய்வில் பதிவான பேச்சு பெரும்பாலும் கையருகில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது மாதிரியான சின்ன உதவிகளைப் பற்றியது. உங்கள் விருந்து அப்படியில்லை என்பதும் உண்மை.

அதே ஆண்டு உளவியலாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் இன்னொன்றைக் கண்டார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தும், அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும் கணக்கிட்டிருந்தார்கள். உங்கள் நண்பர்களும் 'இதற்கெல்லாம் மெசேஜ் போட்டால் செயற்கையாக இருக்குமே' என்று விட்டிருக்கலாம்.

இனி உங்கள் பக்கம். யாராவது சமையலறைப் பக்கம் வந்தால் என்ன சொல்கிறீர்கள்? "நீ போய் உட்கார், இதெல்லாம் ஒரு வேலையா?" என்றுதானே? நன்றாக விருந்து வைப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. சாமான் வாங்கியது, வீட்டைத் துடைத்தது, விடியற்காலையில் எழுந்தது எதுவும் தெரியாதபடி மறைத்துவிடுகிறோம். பிறகு, பார்க்காத உழைப்புக்கு அவர்கள் நன்றி சொல்லவில்லையே என்று வருந்துகிறோம். அவர்கள் கண்ணில் பட்டது சாப்பாடு மட்டும்தான்.

அதனால் 'ஏன் நன்றி சொல்லவில்லை?' என்று கேட்காதீர்கள். கேட்டு வாங்கிய நன்றி உங்களுக்கே ருசிக்காது. வேலையில் பங்கு கேளுங்கள். "நான் சமைக்கிறேன், பாத்திரம் உன் பொறுப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். கூடமாட வேலை செய்தவருக்குக் களைப்பு தெரியும், "இவ்வளவு வேலையா!" என்பது தானாக வரும். வராவிட்டாலும் பாத்திரமாவது கழுவியாகிவிடும். மறுநாள் நீங்களே, "நேற்று எல்லோரும் வந்தது சந்தோஷம். காலையிலிருந்து சமைத்தேன், எப்படி இருந்தது?" என்று எழுதுங்கள். இதில் குற்றச்சாட்டு இல்லை, பதில் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது.

அப்புறம், எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். மெசேஜ் அனுப்பாத நண்பர் நீங்கள் காய்ச்சலில் படுத்தபோது ஓடி வந்தாரா? தன் வீட்டுக்கு உங்களை அழைக்கிறாரா? அப்படியென்றால் அவர் வேறு விதத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், விட்டுவிடலாம்.

இதில் எதுவுமே இல்லாமல், சாப்பாட்டுக்கு மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காக மொத்த அழைப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. அவர் அடுத்து "எப்போது வரலாம்?" என்று கேட்டால், "இந்தத் தடவை உன் வீட்டில் வைத்துக்கொள்வோமே" என்று சொல்லிவிட்டு, என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.