பட்டா உங்களுக்கு, கைபேசி எண் மட்டும் தரகருக்கா?

கேள்வி: தக்கலை அருகே 10 சென்ட் நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தேன். இணையத்தில் பார்த்தால் பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. மூலப் பத்திரம் மலையாளத்தில் இருப்பதால் ஆன்லைனில் ஏறாது, 12,000 ரூபாய் தந்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். தன் கைபேசி எண்ணைப் போட்டு விண்ணப்பமும் செய்துவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த எண்ணைக் கவனியுங்கள், மலையாளம் அப்புறம். ஓடிபி, சர்வேயர் வரும் தகவல், மனு தள்ளுபடியான செய்தி எல்லாம் விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்குத்தான் போகும். மனு தள்ளுபடியானதை மறைத்து, 'மேலே பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று மறுபடி பணம் கேட்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். விண்ணப்ப எண்ணையும், அவரிடம் கொடுத்திருந்தால் அசல் பத்திரத்தையும் இன்றே கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப எண் கையில் இருந்தால் மனுவின் நிலையை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். மனு தள்ளுபடியாகியிருந்தால், 'தமிழ் நிலம்' தளத்தில் உங்கள் கைபேசி எண்ணைக் கொண்டே புதிதாக விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்துக்குப் போனால் சேவைக் கட்டணம் 60 ரூபாய், ரசீதும் உண்டு. உங்கள் 10 சென்ட் பெரிய புலத்தின் ஒரு பகுதி என்றால் உட்பிரிவுக் கட்டணம் தனி.

பத்திரம் மலையாளத்தில் இருப்பதால் 'ஏறாது' என்பது புளுகு. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதற்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. படிக்க வேண்டியவர் தாலுகா அலுவலகத்தில் இருப்பவர். நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முந்தைய மலையாளப் பத்திரம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை அதிசயம்போலப் பார்த்து, 'ஆவணம் போதவில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். எது போதவில்லை என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைச் சேர்த்தே பதிவேற்றுங்கள். அதில் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, ஆண்டு. பத்திரத்தில் 1118 என்றிருந்தால் அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 1942 ஆகஸ்ட் முதல் 1943 ஆகஸ்ட் வரையிலான காலம். இரண்டு, புல எண். பழைய பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண், இணையத்தில் இருப்பது பிறகு மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டாவிட்டால் உங்கள் மனு வேறு யாரோ ஒருவர் நிலத்தைப் பற்றியதாகத் தோன்றும். மூன்று, பெயர். பழைய பத்திரத்தில் வீட்டுப் பெயரோடு இருப்பவர் பட்டாவில் வெறும் முதலெழுத்தோடு இருப்பார். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று இணைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு தாசில்தார் தள்ளுபடி செய்தால், பத்மநாபபுரம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த 12,000 ரூபாயால் இந்த வழியில் எதுவும் மாறப்போவதில்லை.

பட்டா வந்ததும் பரப்பு 0-04.05 என்றிருந்தால் பதற வேண்டாம். பட்டாவில் கணக்கு ஹெக்டேரிலும் ஏரிலும்தான் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), 4.05 ஏர் என்பது உங்கள் 10 சென்ட்டேதான். 0-03.64 என்றிருந்தால் ஒரு சென்ட் குறைகிறது. அப்போது பத்திரத்தோடு நேரே சர்வேயரிடம் போங்கள், அந்தத் தரகரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.