'ஐ மிஸ் யூ' என்பதை உருதுவில் எப்படிச் சொல்வது? 'மிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே என்ன சொல்?

'மிஸ்' என்பதற்கு ஒரே சொல்லாகத் தேடினால் கிடைக்காது, இடத்துக்கு ஒன்று இருக்கிறது. ஷார்ஜாவில் லாகூர்க்காரர் ஒருவரோடு நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தேன், எனக்குத் தெரிந்த உருது எல்லாம் அவர் புண்ணியம்.

ஒருவரைப் பிரிந்து ஏங்குவதற்கு 'முஜே தும்ஹாரீ யாத் ஆத்தீ ஹை' என்பார்கள். எனக்கு, உன், ஞாபகம், வருகிறது. வார்த்தைக்கு வார்த்தை நம்ம ஊர் 'எனக்கு உன் ஞாபகம் வருது' தான், அதனால் தமிழில் யோசித்து நேராக உருதுவுக்குப் போங்கள், நடுவில் ஆங்கிலத்தைக் கூட்டி வந்தால்தான் சிக்கல். பெரியவர்களிடம் 'தும்ஹாரீ'க்குப் பதில் 'ஆப்கீ'.

கல்யாணத்துக்கு வராதவரிடம் சொல்ல இன்னொன்று உண்டு: 'ஆப்கீ கமீ மெஹ்சூஸ் ஹூயீ'. கமீ என்றால் குறைவு. நாம் கடையில் 'விலை கம்மி' என்கிறோமே, அந்தக் கம்மி இதுதான். நீங்க இல்லாத குறை தெரிஞ்சுது என்று அர்த்தம்.

சரி, 'யாத் கர்னா' என்று வந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். நினைப்பதும் அதுதான், பாடத்தை மனப்பாடம் செய்வதும் அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் பையன் வந்து 'சாஹிப் ஆப்கோ யாத் கர் ரஹே ஹைன்' என்றான். பரவாயில்லையே, சாஹிப் நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். 'சாஹிப் கூப்பிடுகிறார், வா' என்பதைத்தான் மரியாதையாக அப்படிச் சொல்வார்களாம். இருபது நிமிஷம் கழித்து சாஹிபே என் மேஜைக்கு வந்தார், முகத்தில் பாசம் எதுவும் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டால் 'பஸ் ச்சூட் கயீ', குறி தப்பினால் 'நிஷானா சூக் கயா', வேலைக்கு மட்டம் போட்டால் 'நாகா'. நூலிழையில் தப்பினால் 'பால் பால் பச்சா'; பால் என்றால் முடி, நாமும் மயிரிழை என்றுதானே சொல்கிறோம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், இப்போது இளவட்டங்கள் சொல்வது 'மிஸ் கர் ரஹா ஹூன்' (பெண்கள் 'ரஹீ'), நம்ம 'மிஸ் பண்றேன்' மாதிரியேதான். என் அறைத் தோழர் போனில் மனைவியிடம் இதைத்தான் சொல்வார், அம்மாவிடம் மட்டும் 'யாத்'. ஒருமுறை வாய் தவறி அம்மாவிடமும் 'மிஸ்' என்றுவிட, 'எந்த மிஸ்? உன் பழைய கணக்கு டீச்சரா?' என்று கேட்டாராம். பள்ளிக்கூட டீச்சரை அங்கேயும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.