இறங்காத மண்

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. உண்மைக் கரைசல், கூழ்மம், தொங்கல் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். போன மழையில் வாசலில் வைத்த பக்கெட்டில் வெள்ளத் தண்ணீர் நின்றுவிட்டது. நாலு நாளாகியும் தெளியவில்லை. “மண்ணு தண்ணிய விட கனம்தானேம்மா, ஏன் கீழ போய் உக்கார மாட்டேங்குது?” என்று கேட்டாள். “அதெல்லாம் பரீட்சைக்கு வராது, படி” என்று சொல்லிவிட்டேன். வெயில் கீற்றில் தூசி ஆடுவதுதான் பிரௌனியன் இயக்கம் என்று நான் படித்தது நினைவு. அது சரிதானே? இதையெல்லாம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? அவளுக்கு ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வாட்ஸப் செய்தியை அழித்துவிடுங்கள். சித்தர்களுக்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன.

வெயில் கீற்றுத் தூசி பிரௌனியன் இயக்கம் இல்லை. சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடிப்பதால் நுண்துகள் ஓயாமல் ஆடுவதற்குத்தான் அந்தப் பெயர். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய தூசியைச் சுழற்றுவது காற்றோட்டம்தான். மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள். மகரந்தம் தண்ணீரில் ஆடுவதைத் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் பார்த்தார் என்று எழுதுவதும் பிழை. மகரந்த மணி அப்படி ஆட முடியாத அளவுக்குப் பெரியது. 1827இல் அவர் பார்த்தது அந்த மணிக்குள் இருந்து வெளிவந்த நுண்துகள்களை. உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று அவருக்கும் சந்தேகம் வந்தது. கண்ணாடியைப் பொடித்துப் போட்டார், எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலைத் துணுக்கையும் பொடித்துப் போட்டார். எல்லாமே ஆடின. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் அந்த மனிதர் தன் சந்தேகத்தோடு எவ்வளவு நேர்மையாக இருந்திருக்கிறார் பாருங்கள்.

உங்கள் மகளும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவளைப் போய் “பரீட்சைக்கு வராது” என்று சொன்னீர்களே! உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது அந்த வரிதான். அட்டவணையை யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள். துகளின் அளவு ஒரு நானோமீட்டருக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, கீழே என்றால் கரைசல், ஆயிரத்துக்கு மேலே தொங்கல், நடுவில் கூழ்மம். ஒளிக்கற்றை கரைசலில் தெரியாது, கூழ்மத்தில் தெரியும். அவ்வளவுதான். அந்த மூன்று கட்டங்களுக்கு நடுவே இயற்கை கோடு எதுவும் போடவில்லை. கூழ்மம் என்பது தனி வகைப் பொருள் என்றுதான் 1861இல் அந்தச் சொல்லைக் கொண்டுவந்த வேதியியலாளர் தாமஸ் கிரஹாமே நினைத்தார். பசை ஒரு சாதி, உப்பு வேறு சாதி என்று பிரித்தார். பிறகுதான் எந்தப் பொருளையும் அந்த அளவுக்கு நுணுக்கினால் கூழ்மமாகும் என்பது புரிந்தது. பொன்னும் ஆகும், கந்தகமும் ஆகும், உங்கள் வாசலுக்கு வந்த செம்மண்ணும் ஆகும்.

போன கார்த்திகையில் தாழங்குடாவில் நின்றிருந்தேன். பெண்ணையாறு இரண்டு கரையும் தொட்டு வந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. கடலுக்குள் காவி நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு கிடந்தது. இந்த மண் இவ்வளவு தூரம் இறங்காமல் வந்ததே, இங்கே மட்டும் ஏன் படிந்து திட்டாகிறது என்று யோசித்தபடிதான் வீடு திரும்பினேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது.

கடலூர் முதுநகரில் என் ஆயா வீட்டில் ஐப்பசி பிறந்தால் கிணறு கலங்கிவிடும். ஆயா மண்குடத்தைத் திண்ணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, தேற்றாங்கொட்டையை உள்பக்கம் சரசரவென்று உரைப்பாள். கொட்டை குந்துமணியைவிடக் கொஞ்சம் பெரிசாக, வட்டமாக இருக்கும். உரைத்து முடித்தபின் தண்ணீரை ஊற்றிக் கையால் நாலு சுற்று சுற்றிவிடுவாள். ஒருநாள் பித்தளைச் சொம்பில் அதே தண்ணீரை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதுவரை பால்போல ஒரே கலங்கலாக இருந்த நீரில் பொட்டுப் பொட்டாக ஏதோ கூடத் தொடங்கியது. திரிந்த பாலில் வருமே, அதுபோலத் துணுக்குகள். அவை மெல்ல இறங்கின. “ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாத்தான்டா எறங்கும், தனித்தனியா எறங்காது” என்றாள் ஆயா. அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. துகள்கள் இப்படிக் கூடிப் படிவதற்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயரும் திரிதல்தான். அடுப்படிச் சொல் அப்படியே பாடத்துக்கு வந்திருக்கிறது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். மண் கனம்தான், இறங்கிக்கொண்டும்தான் இருக்கிறது. ஓரடி ஆழப் பக்கெட்டில் ஆற்றுமணல் அரை நிமிஷத்தில் அடி சேரும். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுள்ள களிமண் துகளுக்குக் கணக்குப் போட்டால் நாலு நாள் ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். இறங்கும் வழியெல்லாம் நீர் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுகின்றன. இந்த இடிக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கு எழுதினார். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரின் அதை எண்ணிக் காட்டினார். குடம்புளிக்கு உறவான ஒரு மரத்தின் மஞ்சள் பிசினைச் சின்னஞ்சிறு உருண்டைகளாக்கித் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு உயரத்திலும் எத்தனை உருண்டை நிற்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணினார். அடியில் நூறு என்றால் 30 மைக்ரான் மேலே 47, இன்னும் 30 மேலே ஏறக்குறைய 23. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறதே, அதே கணக்கு. மூலக்கூறு என்ற ஒன்று உண்டா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு அடங்கினார்கள். 1926இல் பெரினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

“பிரௌனியன் இயக்கத்தால் கூழ்மம் நிலைத்திருக்கிறது” என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். கொஞ்சம் யோசியுங்கள். ஓயாமல் ஆடும் துகள்கள் ஒன்றோடொன்று மோதத்தானே செய்யும்? மோதினால் ஒட்டும், ஒட்டினால் கனக்கும், கனத்தால் இறங்கும். ஆட்டம் மட்டுமே இருந்திருந்தால் உங்கள் பக்கெட் எப்போதோ தெளிந்திருக்கும். ஒட்டவிடாமல் தடுப்பது மின்சுமை. களிமண் துகள்கள் எதிர்மின் சுமையோடு இருப்பதால் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. அந்தச் சுமையின் வீச்சைக் குறைத்துவிட்டால், அதுவரை துகளைத் தாங்கி நின்ற அதே ஆட்டம் அவற்றை ஒன்றின்மேல் ஒன்று மோதவைத்துக் கீழே அனுப்பிவிடும். பெண்ணையாற்றின் முகத்தில் கடலுப்பு செய்வது இதைத்தான். குடிநீர்த் தொட்டியில் படிகாரமும் இதைத்தான் செய்கிறது, அதிலுள்ள அலுமினியம் அயனி சோடியத்தைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. தேற்றாங்கொட்டையின் நீண்ட மூலக்கூறுகள் துகள்களைப் பற்றி இழுத்துச் சேர்த்துக் கட்டுகின்றன. வழி வேறு, வேலை ஒன்று. அட்டவணையில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. அதனால்தான் உங்கள் மகளுக்கு அதில் பதில் கிடைக்கவில்லை. அவள் படிப்பில் குறையில்லை அம்மா, அவள் சரியான இடத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அது அப்புறம் ஆகட்டும். அடுத்த மழைக்குக் கலங்கல் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். ஒன்றில் ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்கிவிட்டு, இரண்டையும் யாரும் அசைக்காத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நீங்கள் முந்திக்கொண்டு போய்ப் பார்க்காதீர்கள். அவளை எழுப்பி, அவளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்