ரேடியேட்டர் மூடியைப் பார்த்தபின் ஹெட்டைக் கழற்றலாம்

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து உர லோடுடன் கோத்தகிரி ஏறும்போது என் பிக்கப்பில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது. சமவெளியில் ஒன்றுமில்லை. ஹெட் கேஸ்கெட் போச்சு, ரேடியேட்டரையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு; அதை மாற்ற ஹெட்டையே கழற்ற வேண்டும். முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அதிலிருக்கும் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போயிருந்தால் அழுத்தம் நிற்காது. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் ஓடுவதே 90-ஐ ஒட்டித்தான். மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் 115 வரை தாங்கும், குக்கர் மாதிரி. புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து பிரஷர் டெஸ்ட். ஆறிய வண்டியில் மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டி, மூடியில் உள்ள எண் வரை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். பம்பின் முள் இறங்கினால் எங்கோ கசிவு; ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டரை முதலில் பாருங்கள். எந்தச் சோதனையும் செய்யாமல் 'கேஸ்கெட் போச்சு' என்றால் அது வெறும் ஊகம். அப்படியே ரேடியேட்டருக்கும் ஆளைக் கைகாட்டினால் கமிஷன் இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடலாம் என்பார்கள். விடாதீர்கள். மலைக்குளிரில் இன்ஜின் சூடே ஏறாமல் டீசல் குடிக்கும்.

கேஸ்கெட் நிஜமாகவே போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் குமிழ் விடாமல் வருகிறதா, வெளியே கசிவில்லாமல் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் புகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கோத்தகிரிக் காலைக் குளிரில் எந்த வண்டியும் சைலன்சரில் ஆவி விடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், வெயில் ஏறிய பிறகும் நிற்காமல் வந்தால்தான் சந்தேகம். அந்தக் காலை ஆவியைக் காட்டித்தான் பலரிடம் ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள்.

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போனால் பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் என்று ஆயிரம் கேட்பார்கள். மலையேறும் வண்டியின் ரேடியேட்டரை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை!

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். வழியில் முள் ஏறினால் ஓரங்கட்டி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.