குளிர்காலத்தில் க்ரோ டென்ட்: காற்று, சூடு, கரண்ட் பில் – கேள்வி பதில்

நவம்பர் பிறந்தால் போதும், லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் ஆட்கள் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இப்போது பலர் க்ரோ டென்டும் (வீட்டுக்குள் செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) எல்.ஈ.டி. விளக்கும் வாங்கிவிட்டார்கள், ஜனவரியில் பில் வந்ததும் கேள்வியும் வருகிறது. வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பவுண்டில் உள்ள கணக்கெல்லாம் யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று வைத்துப் போட்டது. உங்கள் பில்லில் என்ன விலையோ அதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹாரோ): அண்ணா, கராஜில் 80-க்கு 80, உயரம் 160 சென்டிமீட்டர் டென்ட். 100 வாட் லைட், 750 வாட் ஹீட்டர், நாலு இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன். பில் ஒரே மாதத்தில் நூறு பவுண்டுக்கு மேல் கூடிவிட்டது. 22 டிகிரியும் வருவதில்லை. லைட்டை மாற்றவா?

லைட்டைத் தொடாதீர்கள் தம்பி. 14 மணி நேரம் எரிந்தால் 1.4 யூனிட், நாளுக்கு 35 பென்ஸ்தான். அந்த 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் டென்டுக்குள் விழுகிறது, அதனால் அது உங்களுக்கு இலவச ஹீட்டர் மாதிரி. பணம் போவது ஃபேன் வழியாக.

கணக்குப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.33 வாட்-மணி வேண்டும். உங்கள் ஃபேன் முழு வேகத்தில், ஃபில்டர் எல்லாம் கழித்து, மணிக்கு 150 கன மீட்டர் இழுக்கிறது என்று வைப்போம். கராஜ் 6 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 22. வித்தியாசம் 16. பெருக்கினால் கிட்டத்தட்ட 800 வாட். அதாவது ஹீட்டர் நிற்காமல் ஓடினாலும் ஃபேன் அதைவிட வேகமாகச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 750 வாட் நாள் முழுக்க ஓடினால் 18 யூனிட், நாலரைப் பவுண்ட். மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் டென்டின் கொள்ளளவே ஒரு கன மீட்டர்தான். மணிக்கு 150 தடவை காற்று மாற வேண்டிய அவசியமே இல்லை, அந்த "நிமிடத்துக்கு ஒரு தடவை" கணக்கெல்லாம் பழைய சோடியம் விளக்குகள் கொதித்த காலத்தில் வந்தது. குளிர்காலத்தில் மணிக்கு 20, 25 கன மீட்டர் போதும். உள்ளே இலையை அசைக்கிற சின்ன ஃபேன் வேறு, அது ஐந்து பத்து வாட்தான், அதை நிறுத்த வேண்டாம்.

அடுத்த ஓட்டை டென்ட் துணி. அது குளிரை நிறுத்தும் என்று நினைக்காதீர்கள், 16 டிகிரி வித்தியாசத்தில் துணி வழியாக மட்டும் நானூறு வாட்டுக்கு மேல் போய்விடும். 25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போர்டை நாலு பக்கமும் மேலும் கீழும் வைத்தால் அது நூறு வாட்டுக்குக் கீழே வந்துவிடும். காற்று வரும் வழியையும் ஃபேன் மோட்டரையும் மட்டும் மூடாதீர்கள். அப்புறம் 22 எதற்கு? கறிவேப்பிலைக்குக் குளிர்காலத்தில் 16 தாராளம். இவ்வளவும் செய்தால் லைட் எரிகிற நேரத்தில் ஹீட்டருக்கு அனேகமாக வேலையே இருக்காது. வீட்டுக்குள் ஒரு மூலை கிடைத்தால் அதைவிட நல்லது, கராஜோடு போராடவே தேவையில்லை.

கேள்வி (ஸ்கார்பரோ): பேஸ்மென்டில் டென்ட் இருக்கிறது. எக்ஸாஸ்ட் டக்டை (காற்றை வெளியேற்றும் குழாயை) யன்னல் வழியாக வெளியே விட வேண்டுமா? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்.

கோடையில் சரி. ஜனவரியில் வேண்டாம் அக்கா. வீட்டு ஃபர்னஸ் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை நீங்கள் பனிக்குள் ஊதிவிடுகிறீர்கள், அந்த இடத்தை நிரப்ப வெளிக்குளிர் கதவிடுக்கு வழியாக வரும். டக்டைக் கழற்றிப் பேஸ்மென்டுக்குள்ளேயே விடுங்கள். மைனஸ் 10 டிகிரிக் காற்று உள்ளே வந்து 20-க்குச் சூடானால் அதன் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதனால்தான் கனடாக் குளிர்காலத்தில் உதடு வெடிக்கிறது. செடி விடும் ஈரம் வீட்டுக்கு நல்லதுதான். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் மட்டும் யோசியுங்கள்.

கார்பன் ஃபில்டர் வாசனையைப் பிடிக்கத்தான். மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் அது எதற்கு? கழற்றினால் ஃபேன் குறைந்த வேகத்திலேயே அதே காற்றை இழுக்கும். (ஊதா விளக்கை மட்டும் தெருப்பக்கம் தெரியாமல் வையுங்கள், கஞ்சா வளர்ப்பதாக நினைத்துப் போலீஸ் வந்தால் கறிவேப்பிலையைக் கிள்ளி மோந்து காட்ட வேண்டி வரும்.)

கேள்வி: லைட்டை இரவில் போட்டால் மலிவு என்கிறார்களே, செடிக்குக் கெடுதலா?

டென்டுக்குள் பகல் எது, இரவு எது என்று டைமர்தான் சொல்கிறது. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இரவில் போடுவதில் இரட்டை லாபம், வெளியே கூடுதலாகக் குளிரும் நேரத்தில் லைட்டின் சூடு கிடைக்கிறது. ஒன்டாரியோவில் நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில் வார நாள்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு நேரம், 12 மணி நேர லைட் அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும். அங்கே 2023இல் வந்த நள்ளிரவுத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு, ஆனால் வார நாள்களில் மாலை 4 முதல் 9 வரை விலை கடிக்கும். அந்த நேரத்தில்தான் வீட்டில் சமையல். ஒரு 100 வாட் விளக்குக்காக வீட்டுத் திட்டத்தையே மாற்றாதீர்கள். இங்கிலாந்தில் எகானமி 7 (இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை தரும் திட்டம்) வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், அந்த ஏழு மணி நேரத்தை லைட் நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், அதற்காகப் பகல் விலை கூடுவதையும் பாருங்கள்.

கேள்வி (லெஸ்டர்): தெர்மாமீட்டர் 18 காட்டுகிறது. ஆனாலும் கறிவேப்பிலை இலை மஞ்சளாகி, காம்பைத் தொட்டாலே சின்ன இலைகள் பொலபொலவென்று கொட்டுகின்றன. ஹீட்டரைக் கூட்டவா?

தெர்மாமீட்டர் எங்கே தொங்குகிறது? மேலே, லைட்டுக்குப் பக்கத்தில் என்றால் அந்த 18-ஐ நம்பாதீர்கள். ஒரு சமையல் தெர்மாமீட்டரை மண்ணுக்குள் விரல் ஆழம் செருகிப் பாருங்கள், கான்கிரீட் தரையில் இருக்கும் தொட்டி 10, 11 காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். வேர் குளிர்ந்தால் தண்ணீர் குடிக்காது, நாம் வாடிவிட்டது என்று இன்னும் ஊற்றுவோம், அது அழுகும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் பலகை, அதற்கு மேல் தெர்மோஸ்டாட் வைத்த 20 வாட் ஹீட் மேட் (சூடாகும் விரிப்பு). மேல் மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காயும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். அறையைச் சூடாக்கும் ஹீட்டரைவிட இது பல மடங்கு மலிவு.

கேள்வி: காலையில் டென்ட் சுவரெல்லாம் தண்ணீர். டிஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வாங்கட்டுமா?

முதலில் ஃபேன் டைமரை மாற்றிப் பாருங்கள். 22 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் நல்ல அளவுதான். லைட் அணைந்து அதே காற்று 15-க்கு இறங்கினால் ஈரத்தைத் தாங்காது, சுவரில் துளிர்த்துவிடும். லைட் அணைந்த பிறகு எக்ஸாஸ்ட் பத்து பதினைந்து நிமிடம் ஓடட்டும், பிறகு மெதுவேகம். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், அதாவது லைட் எரியத் தொடங்கும் நேரம். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இதற்குப் பிறகும் சுவரில் தண்ணீர் நின்றால் வாங்கலாம், அது விடும் சூடும் வீணாகாது.

கேள்வி: மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. டென்ட் பக்கத்தில் வைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடு. வீட்டில் ஆட்கள் தூங்குகிறார்கள்.

கேள்வி: ஃபேனை மணிக்குக் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுவதா, எப்போதும் மெதுவாகவா?

மெதுவாக. வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் எட்டில் ஒரு பங்காகும் என்பது கணக்கு, நிஜத்தில் அவ்வளவு வராவிட்டாலும் பெரிய மிச்சம்தான். ஈ.சி. மோட்டர் (மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டர்) உள்ள ஃபேனாகப் பாருங்கள், சாதாரண மோட்டரை மலிவான டிம்மரில் மாட்டினால் இரவெல்லாம் முனகும். டென்ட் பக்கங்கள் லேசாக உள்வாங்கியிருந்தால் இழுப்பு சரி, வயிறு ஒட்டினாற்போல் உள்ளே போனால் வேகம் அதிகம்.

கேள்வி (ஒஸ்லோ): உண்மையைச் சொல்லுங்கள், ஒரு கறிவேப்பிலை மரத்துக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா?

ஒரே மரம் என்றால் ஆகாது. சூடில்லாத, ஆனால் உறையாத வெளிச்சமான இடத்தில் 10, 12 டிகிரியில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, தூங்க விடுங்கள். இலை கொட்டினாலும் தண்டு பச்சையாக இருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். டென்டைப் பிப்ரவரியில் விரித்து மிளகாய், கத்தரி விதை போட்டால் இரண்டு மூன்று மாதம்தான் கரண்ட், அது கட்டும். இரவில் 12 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், முதல் ஒரு வாரம் நிழலில்.