நாய்க்குட்டிக்கு முன் ஒரு மாதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் 9 வயது மகள் நெடுநாளாக நாய்க்குட்டி கேட்கிறாள். காப்பகத்திலிருந்து ஒரு குட்டியைத் தத்தெடுக்க எனக்கும் ஆசை. நானும் மனைவியும் வேலைக்குச் செல்வதால் பகலில் 8 மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். குட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள். மனைவி, "உங்கள் விருப்பம்" என்கிறார். நாங்கள் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒரு குட்டியை வளர்க்க உங்கள் வீடு இப்போது தயாராக இல்லை. உங்கள் மகளின் அன்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பூட்டிய வீட்டின் அந்த 8 மணி நேரம்தான் தடை.

இரண்டு மாதக் குட்டியால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நாளுக்கு மூன்று நான்கு முறை உணவும் தரவேண்டும். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான பருவத்தில்தான் மனிதர்களும் ஓசைகளும் அஞ்சத்தக்கவை அல்ல என்று அது பழகிக்கொள்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளைப் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து போட வேண்டியிருப்பதால், அதுவரை பார்வோ போன்ற கொடிய தொற்றுகளிலிருந்து காக்க, தெரியாத நாய்கள் நடமாடும் இடங்களில் அதை இறக்கிவிடவும் கூடாது. இவ்வளவு கவனிப்பு தேவைப்படும் நாட்களை அது தனிமையில் கழித்தால், பின்னாளில் கதவைப் பிறாண்டுவதும் ஓயாமல் குரைப்பதும் அதன் வழக்கமாகிவிடக்கூடும். அப்போது குறை நாய்மேல் சுமத்தப்படும்.

மகளின் சொல்லை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகளும், சிறிய இனங்கள் அதற்கு மேலும் வாழ்கின்றன. அதன் முதுமையில், கண் மங்கி மூட்டு வலியோடு அது படுத்திருக்கும்போது, அவள் கல்லூரியிலோ வேற்றூரிலோ இருப்பாள். ஆகவே பொறுப்பேற்பவர் பெரியவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் பதிலையும் நான் சம்மதமாகக் கொள்ளமாட்டேன். மறுக்க மனமில்லாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

நாயே இல்லாமல் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நாள்தோறும் அரை மணி முன்னதாக எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மாலையில் எவ்வளவு களைப்பானாலும், மழையே பெய்தாலும், மறுபடியும் செல்லுங்கள். உணவுக்கும் தடுப்பூசிக்கும் எதிர்பாராத சிகிச்சைக்குமான தொகையை அந்த மாதமே தனியாக எடுத்துவையுங்கள். வெளியூர் செல்லும் நாட்களில் நாய் யாரிடம் இருக்கும் என்பதையும், அந்த நபரைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். மாத முடிவில் மனைவியோடு மனம்விட்டுப் பேசுங்கள். அவர் தயங்கினால் இத்திட்டத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இருவருக்கும் விருப்பம் நிலைத்திருந்தால், குட்டிக்குப் பதிலாக மூன்று நான்கு வயதான, அமைதியான நாயைத் தேடுங்கள். வளர்ந்த நாயின் சுபாவம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வெளியே சென்று சிறுநீர், மலம் கழிக்கவும் பெரும்பாலும் பழகியிருக்கும். அதற்கும் 8 மணித் தனிமை மிக நீண்டதே என்பதால், நண்பகலில் வந்து வெளியே அழைத்துச்செல்ல நம்பகமான ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த நாய் குழந்தைகளோடு இருந்திருக்கிறதா, தனியாக விட்டால் என்ன செய்கிறது என்று காப்பகத்தில் கேளுங்கள். சில வாரங்கள் மட்டும் தற்காலிகமாக வைத்துப் பராமரிக்க அவர்கள் அனுமதித்தால், முதலில் அப்படியே தொடங்கலாம்.