பிரித்துக் கட்டிய எஞ்சின் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3 உள்ளது. எஞ்சினை முழுமையாகப் பிரித்துக் கட்டிய பிறகு ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பெட்ரோல் எரிகிறது, ஆனால் தவறான நேரத்தில் எரிகிறது என்பதையே அந்த வெடிப்பு காட்டுகிறது. உங்கள் 1489 சிசி எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் கருவி) இயக்கும் தண்டை மீண்டும் பொருத்தும்போது 180 பாகை திருப்பி வைத்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் சுழற்றுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கிய பின் பிஸ்டன் மேல்முனையை அடையும் இடத்தில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் எந்த பிளக்கின் வயரை நோக்குகிறது என்று பாருங்கள். முதல் சிலிண்டருக்குப் பதிலாக நான்காவதை நோக்கினால் கோளாறு அதுவே. ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் வயர் மாற்றினால் எஞ்சின் ஓடும் என்றாலும், தண்டைச் சரியாகப் பொருத்துவதே முறை. இல்லையெனில் அடுத்த மெக்கானிக் குழம்பிப்போவார்.

ரோட்டார் சரியாக இருந்தால், வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் இடஞ்சுழியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, டைமிங் செயின் (கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் சங்கிலி) பற்சக்கரங்களின் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்றாதீர்கள். புதிய கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் அதற்கு அது நல்லதல்ல.